ஓடாத வண்டியின் பெல்ட்

என் அக்காவின் கணவரைப் போல ஒரு காரை நேசித்த மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நேசத்தில் கால் பங்கு அக்கா பக்கம் திரும்பியிருந்தால் அவள் உடம்பில் கொஞ்சம் சதை ஒட்டியிருக்கும். காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, வாசல் ஷெட்டுக்குப் போவார். காரை மூடியிருக்கும் உறையின் ஒரு மூலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார். ராத்திரியோடு ராத்திரியாக அது எழுந்து எங்காவது போயிருக்கும் என்று பயமோ என்னவோ. போயிருந்தாலும் நான் அதைக் குற்றம் சொல்லமாட்டேன்.

அத்தானுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர்களை மேய்க்கிற வேலை. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். மனுஷன் வாய் சொன்னால் எடுபடாது. தெருக்குழாய் கசிந்து சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது என்று யாராவது வந்து அழுதால், "மீட்டர் ஏறியிருக்கா?" என்பார். ஏறவில்லை என்றால் தண்ணீர் போகவில்லை. தண்ணீர் போகவில்லை என்றால் கசிவு இல்லை. சுவர் தானாக வியர்த்திருக்கும். ஆபீசில் அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் வந்து சொல்லிப் பூரித்தவர் அவர்.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு கார் கிடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் நடந்தது.

கார் வந்தபோது அக்காவின் மகள் தொட்டிலில் கிடந்தாள். இன்றைக்கு அவள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படிக்கிறாள். இத்தனை காலத்தில் அந்தக் கார் ஓடிய தூரத்தை, வாடகை வண்டி ஓட்டுகிற ஒருவர் ஒரே வருஷத்தில் முடித்துவிடுவார். அத்தானுக்கு அதில்தான் தலைகால் புரியாத பெருமை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். "எவ்வளவு பழைய வண்டி, மீட்டரப் பாருங்க, எவ்வளவு கம்மின்னு!" வந்தவர்களும் காபி வர வேண்டுமே என்று "அடேயப்பா" போடுவார்கள். வாங்கி வைத்துப் படிக்காத புத்தகத்தைக் காட்டினாலும் இவர்கள் "அடேயப்பா" போடுவார்கள்.

குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் பஸ். அக்காவுக்கு ஒரு தடவை கால் சுளுக்கி வீங்கிப்போனபோது, நான்தான் என் கடை வேனில், பிரேக் ஆயில் டப்பாக்களுக்கு நடுவில் அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கார் உறைக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்துலதானே ஆஸ்பத்திரி, அதுக்குப் போய் வண்டிய எடுக்கணுமா" என்றார் அத்தான். தூரமாக இருந்தால் "அவ்வளவு தூரத்துக்குப் போய் வண்டிய எடுக்கணுமா" என்பார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு ஒரு ராஜ மரியாதை உண்டு. உறையை மடித்து வைப்பார். டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். ஏசியைப் போடுவார். பேப்பரை விரிப்பார். முதல் பக்கத்தில் தொடங்கி, மணமகள் தேவை விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படித்து முடிக்கும் வரைக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கார் ஓர் அங்குலம் நகராது. உள்ளே சமையலறையில் அக்கா புகையில் இருமிக்கொண்டிருப்பாள், இவர் ஏசிக் காற்றில் உலக நடப்பை ஆராய்ந்துகொண்டிருப்பார். கேட்டால், "ஓட்டாம விட்டா இன்ஜின் செத்துடும். வாராவாரம் உயிர் குடுக்கிறேன்" என்பார். பேப்பரை மடித்ததும் மீட்டரைப் பார்ப்பார். ஏறியிருக்காது. அந்தச் சந்தோஷம் சாப்பாடு வரைக்கும் முகத்தில் நிற்கும்.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். கவுன்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஆணி அடித்துப் பெல்ட்டுகளைத் தொங்கவிட்டிருப்பேன். ஆண்கள் உள்ளே வந்து, கவுன்டரில் ஒரு பொம்பளை நிற்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடையில யாரும் இல்லியா?" என்று கேட்பார்கள். நானும் "யாரும் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்.

டைமிங் பெல்ட் என்று ஒன்று இருக்கிறது. பல் வைத்த ரப்பர்ப் பட்டை. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறுகிற நேரத்தில் வால்வு வழிவிட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தால் முட்டிக்கொள்ளும். அப்படி வராமல் இரண்டையும் தாளம் தப்பாமல் ஆட்டிவைப்பது அந்தப் பட்டைதான். மூடிக்குள் இருப்பதால் கண்ணில் படாது. தேய்ந்தால் கத்தாது, முனகாது, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாது. ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் இன்ஜின் காலி. அதனால்தான் இத்தனை தூரம், அல்லது இத்தனை வருஷம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று வண்டி செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். ரப்பருக்கு வயதாகும். சும்மா கிடந்தாலும் இறுகும், வெடிக்கும். இதைப் புரிந்துகொள்ள வானசாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

அத்தானிடம் இதைக் கரடியாய்க் கத்தியிருக்கிறேன்.

"அத்தான், பெல்ட்ட மாத்திடுங்க. வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு."

"வருஷம் தாண்டினா? வண்டி ஓடினாத்தானே பெல்ட் ஓடும். மீட்டரப் பாரு."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வெக்கிறீங்களே, அப்ப உள்ள என்ன சுத்துது? காத்தாடியா? பெல்ட்தான் சுத்துது. மீட்டர் சக்கரத்தத்தான் எண்ணும், இன்ஜின எண்ணாது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். மீட்டர் எண்ணாத ஒன்று உலகத்தில் நடக்க முடியும் என்று நான் நினைக்கிறேனே, அதற்கான பரிதாபம். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "உன் தங்கச்சி கடையில பெல்ட்டு தேங்கிப்போச்சு போல" என்பார். அக்கா சிரிக்கவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அக்கா நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் வேலை. பாதி மாதம் ராத்திரி ஷிப்ட். நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாத்திரை போட்டுக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவாள். இந்த வருஷம் அவர்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். படுக்கையில் கிடக்கிறவர்களின் வீட்டுக்கே நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வருவது. பகல் வேலை. நாற்காலி போட்டு உட்கார்ந்து நோயாளியிடம் பேசலாம். ராத்திரி ஷிப்ட் கிடையாது. ஒரே நிபந்தனை, நர்சுக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், கையில் கார் இருக்க வேண்டும்.

அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முதல் தடவையிலேயே தேறினாள். அதோடு சரி. "உனக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல, தேச்சுடுவே" என்று அத்தான் சாவியையே கொடுக்கவில்லை.

அந்த வேலைக்கு வார்டிலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் காரோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று மேற்பார்வை பார்க்கிற அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அக்கா இதை என் கடைக்கு வந்து சொன்னாள். பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "இது போச்சுன்னா எனக்கு அந்த வார்டுதான்டீ, சாகற வரைக்கும்" என்றாள்.

"அத்தான் வண்டியத் தருவாரா?"

"தர்றேன்னுட்டார்."

எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். தருகிறேன் என்றது உண்மைதான். எப்படித் தருகிறார் என்பதையும் கேட்டேன். மழையில் எடுக்கக் கூடாது. மண் ரோட்டில் இறக்கக் கூடாது. ஒரு நோயாளிக்கும் இன்னொரு நோயாளிக்கும் நடுவில் குறுக்கு வழி பார்த்துப் போக வேண்டும். தூரத்தில் இருக்கிற நோயாளிகளை மற்ற நர்சுகளுக்குத் தள்ளிவிடப் பார்க்க வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிச்சை போடுகிறவர்கள்கூட இவ்வளவு பேசமாட்டார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும் அத்தான். பெல்ட் மாத்தாம இந்த வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது. நடு ரோட்டுல அறுந்தா அக்கா என்ன பண்ணுவா?"

"ஆரம்பிச்சுட்டியா?"

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "மாத்திடலாங்க. அவ கடையிலேர்ந்தே கொண்டு வரட்டும். நோயாளி காத்துக்கிட்டு இருப்பாங்க, வழியில நின்னுட்டா நல்லா இருக்காது."

அத்தானுக்கு அதிர்ச்சி. இந்த வீட்டில் வண்டியைப் பற்றி அவரைத் தவிர ஒருவர் கருத்துச் சொல்கிறார்! பிறகு பெரிய மனசு பண்ணி, "சரி, மெக்கானிக் வரட்டும். வந்து அவனே பாத்துட்டு, சார், இதுல போய்க் கை வெக்கணுமான்னு கேப்பான். அப்பவாவது ரெண்டு பேரும் வாய மூடுவீங்க" என்றார்.

சனிக்கிழமை அக்கா முதல் தடவையாக அந்தக் காரை ஓட்டினாள். தெருமுனைக் கடை வரைக்கும் போய்த் திரும்பினாள். அத்தான் பக்கத்தில் உட்காரவில்லை. காருக்குப் பக்கவாட்டில் நடந்துகொண்டே வந்தார். கார் அவ்வளவு மெதுவாகப் போயிருக்கிறது. அக்கா போன் பண்ணி இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது பெல்ட்டோடும் மெக்கானிக்கோடும் என் வேனில் போய் இறங்கினேன். மெக்கானிக்கை நாங்கள் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் முதலில் டீ குடிப்பார், அப்புறம் வண்டியைச் சுற்றி வருவார், அப்புறம் இன்னொரு டீயை எதிர்பார்ப்பார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வர ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

ஷெட்டில் உறை மடித்து வைத்திருந்தது. அத்தான் டிரைவர் சீட்டில் பேப்பரோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"சார், ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார் பொறுமை. "இன்ஜின் ஆறியிருந்தாத்தான் பெல்ட்டுல கை வெக்க முடியும். சூடாயிடுச்சுன்னா அது ஆர்ற வரைக்கும் நான் உக்காந்திருக்கணும்."

"கை வெக்கிறது அப்புறம். முதல்ல காதால கேளு" என்றார் அத்தான். "இன்ஜின் ஓடுறதே தெரியாது. இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, மாத்தணும்னு சொல்லு பாக்கலாம்."

"பெல்ட்டுக்குச் சத்தம் கிடையாது அத்தான். சத்தத்துல தெரியாது" என்றேன்.

"நீ சும்மா இரு."

ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சத்தம் நிஜமாகவே பட்டுப்போலத்தான் இருந்தது. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். போதாது என்று ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். "கேட்டியா?" இன்னொரு மிதி. அக்கா சமையலறைக் கதவருகில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். அவளையும் பார்த்து, "கேட்டியா?" என்று சொல்லி மூன்றாவது தடவை ஓங்கி மிதித்தார்.

டப் என்றது. கூடவே உள்ளே ஏதோ கடகடவென்று இடித்தது. இன்ஜின் நின்றுவிட்டது.

ஏசிக் காற்று மட்டும் கொஞ்ச நேரம் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. பேப்பர் அவர் மடியிலிருந்து சரிந்து கால் பக்கம் விழுந்தது.

"சாவியத் திருப்பாதீங்க!" என்று கத்தினேன். "அத்தான், இன்னொரு தடவ சுத்தாதீங்க, இருக்கிற வால்வும் போயிடும்!"

கேட்பாரா? "பேட்டரி வீக்" என்றார். திருப்பினார். எதிலும் பிடிக்காமல் வெறுமனே சுழல்கிற ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார். பொறுமை என்று பெயர் வாங்கிய மனிதர் பாய்ந்து போய் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். அவர் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவரே பானெட்டைத் திறந்து பக்கத்து மூடியைக் கழற்றினார். பெல்ட் துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொறுமை அதை இழுத்தெடுத்துக் கையில் வைத்து வளைத்தார். முதுகுப் பக்கம் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. பற்கள் உதிர்ந்து மூடிக்குள் மிளகு கொட்டினதுபோலக் கிடந்தன.

"ரப்பர் செத்து ரொம்ப நாளாச்சு" என்றார் பொறுமை. "வால்வு வளைஞ்சிருக்கும். இன்ஜின் மேல்பாகம், அந்த ஹெட்ட எறக்கணும். பிஸ்டன் எப்படி இருக்குன்னு அப்புறம்தான் தெரியும்."

"எப்ப முடியும்?" என்று கேட்டாள் அக்கா.

"பொறுமையா பாக்கணும்மா. வாரக் கணக்குல ஆகும்."

இந்த நேரத்தில் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? காருக்குள் தலையை விட்டு மீட்டரைப் பார்த்தார். வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: "ஏறவே இல்லியே!" சத்தியமாகச் சொன்னார். நான் அவரை அடிக்காமல் இருந்ததற்குக் காரணம் என் கையில் புது பெல்ட் இருந்ததுதான். அது அழுக்காகிவிடும்.

ஒரு மனிதர் தன் முட்டாள்தனத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தால் வெட்கப்படுவார் என்று நினைப்போம். அத்தான் வெட்கப்படுகிற ரகம் இல்லை. கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. காரணம் அகப்பட்டுவிட்டது.

"நேத்து இவ எடுத்துட்டுப் போனாள்ல" என்றார். "அதான். இத்தன வருஷம் என் கையில இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. ஒரு தடவ தெருமுனைக்குப் போயிட்டு வந்தா, முடிஞ்சுது."

பொறுமைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் அடுத்த படிக்குப் போய்விட்டார். மேஜை மேல் கிடந்த அக்காவின் போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்த அம்மா நம்பர் எது? நானே பேசிடறேன். வண்டி ரிப்பேர், இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடறேன். நீ பேசினா அழுவே."

அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த நாற்காலியும் பகல் வேலையும் போய், மறுபடி அந்த வார்டு, அந்தப் படிக்கட்டு. இதுவரைக்கும் அவர் சொன்ன எதற்கும் அவள் தலையாட்டாமல் இருந்ததில்லை.

அவள் பேசாமல் நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அத்தான் குரலைத் தணித்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அவர் ஆறுதல் சொல்வது திட்டுவதைவிட மோசம்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறே? வேல எங்க ஓடிடப் போகுது? ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மறுபடி கூப்பிடுவாங்க. உனக்கு அப்படி என்ன வயசாயிடுச்சு?"

அக்கா நடந்து வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ள மறுக்கிற நோயாளியின் கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்து, விரலை விலக்கி எடுத்துக்கொண்டாள்.

"ஓட்டாம நிறுத்தி வெச்சா புதுசாவே இருக்கும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றாள். "நானும் எங்கேயும் ஓடலியே. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீடு, அந்த வார்டு, அது விட்டா இந்த வீடு. என்ன நல்லாப் பாருங்க. நான் புதுசாவா இருக்கேன்?"

அத்தான் பார்த்தார். வேறு வழியில்லை, அவள் அவ்வளவு கிட்டத்தில் நின்றாள். நரைத்த வகிடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்கிற நிலை. எல்லாம் அவருக்கு முன்னால் தினமும் இருந்தவைதான்.

அக்கா எங்கள் முன்னாலேயே அந்த அம்மாவைக் கூப்பிட்டாள். "மேடம், ஒரு விஷயம் தப்பாச் சொல்லிட்டேன். என்கிட்ட வண்டி இருக்குன்னு சொல்லியிருந்தேன். வீட்டுல ஒண்ணு இருக்கு, ஆனா அது என் வண்டி இல்ல. வேற ஒண்ணு எடுத்துட்டு வர்றேன், பாக்க அழகா இருக்காது, பரவாயில்லையா?" எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னார்கள். "ஓட்டுவேன் மேடம்" என்றாள் அக்கா. "நல்லா ஓட்டுவேன்."

அப்பட்டமான பொய். நான் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். "வேன் சாவியக் குடு. உன் கடைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோ."

"எடுத்துக்கோக்கா. எத்தன நாளானாலும் வெச்சுக்கோ."

"இரு. அதுல பெல்ட் எப்ப மாத்தினே?"

"போன மழைக்கு முன்னாடி."

"யாரு மாத்தினது? நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

"நின்னு பாத்தேன்."

நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற தோரணையில் கேட்டுவிட்டு, திருப்தியாகி, சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். முதல் தடவை கிளட்சை விட்டதில் வேன் ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் டப்பாக்கள் உருண்டன. இரண்டாவது தடவையும் நின்றது. அவ்வளவுதான், அத்தானுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. கேட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

"கிளட்ச்ச மெதுவா விடணும்! நகரு, நான் சொல்லித் தர்றேன். உனக்கு இதெல்லாம் வராது."

அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். என் வேனில் அந்தக் கண்ணாடி சுலபத்தில் ஏறாது, கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். அத்தான் வெளியில் நின்று பேசப் பேச, அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மூன்றாவது தடவை வேன் நகர்ந்தது. தெருமுனைக் கடையில் அவள் திரும்பவில்லை, நேராகப் போனாள்.

அன்று பூராவும் ஓட்டினாள். இரண்டு தடவை நடு ரோட்டில் நிறுத்தி எல்லாரிடமும் ஏச்சு வாங்கினாள், ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தாள். பிரேக்கில் காலை வைக்கச் சொல்லி நான் அலறியதற்கு, "கத்தாதே, பொறுமையாச் சொல்லு" என்று என்னையே அதட்டினாள். மத்தியானம் அத்தானிடமிருந்து போன் வந்தது. நான் எடுத்து அவள் காதருகில் வைத்தேன். சாப்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். எப்போது வருவாய் என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றாள் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை காலையில், சொன்ன நேரத்துக்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசலில் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கோணலாகத்தான் நிறுத்தினாளாம், இரண்டு வண்டிக்கான இடத்தை அடைத்துக்கொண்டு. தள்ளி நிறுத்தச் சொல்லி வந்த காவலாளியிடம், அவள் இறங்கி, கதவைப் பூட்டி, "இப்ப முடியாதுங்க, எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.